வீடியோ உங்கள் தளத்தில் இருக்கிறதா, தெரிகிறதா?

ஒரு பள்ளிக்கு வேர்ட்பிரஸில் கட்டிய இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விழா முடிந்து, 10 நிமிட வீடியோ கையில் வந்திருக்கிறது. அதைத் தளத்தில் போட மூன்று பேர் மூன்று விதமாக முயல்கிறார்கள். முதலாமவர் கோப்பை ஏற்றப் பார்க்கிறார். "அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிட்டது" என்று தளம் மறுக்கிறது. இரண்டாமவர் எப்படியோ ஏற்றிவிடுகிறார். அலுவலகக் கணினியில் நன்றாக ஓடுகிறது, பெற்றோரின் செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்றாமவர் யூடியூபில் போட்டு, அங்கே கிடைத்த எம்பெட் கோடை (வீடியோவை வேறு தளத்தில் காட்ட உதவும் நிரல் வரியை) நகலெடுத்து ஒட்டுகிறார். சேமித்த மறுநொடி அது காணாமல் போகிறது. அதே கோடை அட்மின் ஒட்டினால் மட்டும் நிற்கிறது.

மூன்றும் ஒரே தொல்லை போலத் தோன்றும். "வேர்ட்பிரஸில் வீடியோ சரியா வராது" என்று பேசி முடித்துவிடுவார்கள். உண்மையில் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்க, வீடியோ பக்கத்தில் வந்து சேரும் வழியை அடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

## ஏற்றுவது வேறு, பதிப்பது வேறு

வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், ஜூம்லா போன்றவற்றை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்கிறோம், சுருக்கமாக சிஎம்எஸ். எழுத்தைத் தரவுத்தளத்திலும், படம் முதலான கோப்புகளை ஒரு ஃபோல்டரிலும் வைத்துக்கொண்டு, யாராவது பக்கத்தைக் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது இதன் வேலை.

வீடியோவை இதில் சேர்க்க அடிப்படையில் இரண்டே வழிகள்.

1. ஏற்றுதல், அதாவது அப்லோட். கோப்பு உங்கள் சர்வருக்கு வந்துவிடுகிறது. பார்க்கிறவருக்கு அதை அனுப்புகிற பொறுப்பும் உங்கள் சர்வருக்குத்தான்.
2. பதித்தல், அதாவது எம்பெட். கோப்பு யூடியூபிலோ விமியோவிலோ இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இருப்பது ஒரு சன்னல். அந்தச் சன்னல் வழியாக அவர்களுடைய பக்கம் தெரிகிறது.

பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஒரு பெட்டி, நடுவில் ஒரு முக்கோணம். தளத்தை நடத்துகிறவர் எந்த வழியில் போயிருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏற்றிய வீடியோ ஓடவில்லை என்று யூடியூப் அமைப்பை நோண்டுவதும், பதித்த வீடியோ ஓடவில்லை என்று ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போடுவதும் நேரத்தைத்தான் தின்னும்.

## டிபன் கேரியரும் சாப்பாடும்

வீடியோ கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிந்தால் எல்லாப் பிரவுசரிலும் ஓடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதிதான் சரி.

எம்பி4 என்பது ஒரு டிபன் கேரியர். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, இன்னோர் அடுக்கில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை. இந்தக் கேரியரைத்தான் கன்டெய்னர் என்கிறார்கள். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தனி விஷயம். அந்த முறைக்குப் பெயர் கோடெக். கேரியரைத் திறக்கத் தெரிந்த பிரவுசருக்கு உள்ளே இருக்கும் கோடெக் புரியவில்லை என்றால், ஒலி மட்டும் கேட்கும், படம் கறுப்பாக நிற்கும்.

இன்று எங்கும் ஓடக்கூடிய கோடெக் ஹெச்.264. 2003இல் தரமாக வந்தது. பழைய செல்போன் முதல் ஸ்மார்ட் டிவி வரை இதற்கென்றே சில்லில் தனி ஏற்பாடு உண்டு. அதற்குப் பின் வந்த ஹெச்.265, அதே தரத்தை இன்னும் சிறிய அளவில் தரும். ஐபோன் 7உம் அதற்குப் பிந்தைய ஐபோன்களும், 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், தாமாகவே இந்த முறையில்தான் படம்பிடிக்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தலைமை ஆசிரியரின் ஐபோனில் எடுத்த வீடியோ அவர் போனில் அழகாக ஓடும். அப்படியே தளத்தில் ஏற்றினால் சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது. கோப்பு கெட்டுப்போகவில்லை, தளத்திலும் கோளாறு இல்லை. எதிரில் இருக்கும் கருவிக்கு அந்தக் கோடெக் தெரியவில்லை.

கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்எம் இன்னொரு கேரியர். இதற்குள் விபி8, விபி9, இப்போது ஏவி1 போன்ற காப்புரிமைக் கட்டணம் கேட்காத கோடெக்குகள் போகும். விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4 கோப்பை ஏற்பதில்லை, வெப்எம்மைக் கேட்கிறது என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வீடியோ சேர்க்க முயன்றவர்கள் பட்டு அறிந்திருப்பார்கள். அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் காப்புரிமை விவகாரம்தான்.

சாதாரணத் தளத்துக்கு எம்பி4, ஹெச்.264 படம், ஏஏசி ஒலி என்ற கூட்டணி போதும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் இந்தக் கூட்டணிக்கு மாற்றித் தந்துவிடும்.

அப்புறம் ஒன்று. விழா வீடியோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் கைமாறுகிறது. வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பினால் ஏற்கெனவே நசுக்கி அனுப்பிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினால்தான் அசல் கிடைக்கும். நசுங்கி வந்ததை எந்தப் பிளகினாலும் (சிஎம்எஸ்ஸில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருளாலும்) நிமிர்த்த முடியாது.

## கணக்குப் போட்டுப் பார்த்தால்

வீடியோவின் எடை நீளத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, பிட்ரேட்டைப் பொறுத்தது. ஒரு வினாடிப் படத்துக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்பதே பிட்ரேட். 1080பி வீடியோவை வினாடிக்கு 8 மெகாபிட் அளவில் ஏற்றும்படி யூடியூப் பரிந்துரைக்கிறது. 8 பிட் ஒரு பைட். ஆக, வினாடிக்கு ஒரு எம்பி. ஒரு நிமிடத்துக்கு 60 எம்பி. நம்முடைய 10 நிமிட ஆண்டு விழா, 600 எம்பி.

இதை 500 பெற்றோர் முழுதாகப் பார்த்தால் உங்கள் சர்வர் 300 ஜிபி அனுப்பியாக வேண்டும். அது மாதக் கணக்கு. அதைவிட மோசமானது ஒரே நேரத்துக் கணக்கு. சர்வரின் இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட் என்றால், ஆளுக்கு 8 மெகாபிட் வீதம் 12 பேருக்குத்தான் தாங்கும். 13ஆவது ஆள் வந்ததும் எல்லாருக்கும் வட்டம் சுற்றத் தொடங்கும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த 100 மெகாபிட்டையும் உங்களோடு இன்னும் பல தளங்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். வீடியோ போட்ட நாளில் பள்ளியின் அட்மிஷன் பக்கமும் சேர்ந்து திணறுவது இதனால்தான்.

அதே வீடியோவை 720பிக்குக் குறைத்து, 2 மெகாபிட்டில் சுருக்கினால் நிமிடத்துக்கு 15 எம்பி, மொத்தம் 150 எம்பி. செல்போன் திரையில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சுமை நான்கில் ஒன்றாகிவிடும்.

## "அளவு தாண்டிவிட்டது": யார் தடுக்கிறார்கள்?

முதலாமவருக்கு வந்த மறுப்பு வேர்ட்பிரஸின் மறுப்பாகத் தோன்றினாலும், வேர்ட்பிரஸ் அங்கே வெறும் தூதர். அது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பிஎச்பியில் இரண்டு எல்லைகள் உண்டு: ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், படிவத்தோடு சேர்ந்து வரும் மொத்தச் சுமை எவ்வளவு இருக்கலாம். எதையும் மாற்றாமல் விட்டால் முதலாவது 2 எம்பி, இரண்டாவது 8 எம்பி. ஹோஸ்டிங் கம்பெனிகள் இதைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனாலும் 600 எம்பிக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது.

ஒன்றை மட்டும் கூட்டி, மற்றதை மறந்துவிட்டால் பலன் இல்லை. பிஎச்பிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் இருந்தால் அதற்கும் தனியாக ஓர் எல்லை உண்டு. தொடக்கத்தில் அது 1 எம்பிதான். அது தடுத்தால் 413 என்ற எண்ணோடு ஒரு பக்கம் வரும். 413 வந்தால் பிஎச்பி அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, வேறு கதவைத் தட்ட வேண்டும்.

எஃப்டிபி வழியாகக் கோப்பை நேரே சர்வரில் வைத்து இந்த எல்லைகளைச் சுற்றிப் போகலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த எல்லைகள் ஒரு வகையில் நல்ல எச்சரிக்கை. 600 எம்பி கோப்பை உள்ளே விடத் தயங்கும் சர்வர், அதை 500 பேருக்கு வெளியே அனுப்பவும் திணறத்தான் செய்யும்.

## படத்துக்குச் செய்வதை வீடியோவுக்குச் செய்வதில்லை

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். இரண்டாமவரின் சுற்றும் வட்டத்துக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது.

வேர்ட்பிரஸில் ஒரு புகைப்படத்தை ஏற்றினால் அது சும்மா இருப்பதில்லை. சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல நகல்கள் செய்து வைக்கிறது. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பு முதல், பார்க்கிறவரின் திரைக்குப் பொருத்தமான நகலைப் பிரவுசரே தேர்ந்தெடுக்கவும் வழி செய்திருக்கிறது. இதைப் பார்த்துப் பழகியவர்கள் வீடியோவுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். நடப்பதில்லை. 2013இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாக வீடியோ பிளேயர் உண்டு. பிளேயர் மட்டும்தான். நீங்கள் 600 எம்பி ஏற்றினால் 600 எம்பியையே எடுத்து நீட்டும். 4கே டிவிக்கும் ஒன்றுதான், கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் இருக்கும் போனுக்கும் ஒன்றுதான்.

யூடியூபில் அதே கோப்பை ஏற்றினால் நடப்பது வேறு. அவர்கள் அதை 144பியிலிருந்து மேல்நோக்கிப் பல தரங்களில் மறுபடி சுருக்கி, ஒவ்வொன்றையும் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறார்கள். பிளேயர் ஒவ்வொரு துண்டையும் கேட்டு வாங்கும்போது இணைய வேகத்தை அளந்துகொண்டே போகிறது. வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் கொஞ்சம் மங்கலான தரத்தில் கேட்கும். கூடினால் தெளிவானதைக் கேட்கும். பேருந்தில் போகும்போது வீடியோ திடீரென்று மங்கி, பிறகு தெளிவாவது இதனால்தான். இதை அடாப்டிவ் ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறை இதில் பெயர் பெற்றது.

சிஎம்எஸ்ஸில் நேரே ஏற்றிய எம்பி4 கோப்புக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இருப்பதே ஒரே தரம். வேகம் போதவில்லை என்றால் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு; வெளியே தெரியாது, ஆனால் சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆகும். கேரியரில் ஓர் அடுக்கு அட்டவணை என்று மேலே பார்த்தோம் அல்லவா, கேமராவும் எடிட்டிங் மென்பொருளும் படத்தை எழுதி முடித்த பிறகுதான் அந்த அட்டவணையை எழுத முடியும். அதனால் அது பல நேரம் கோப்பின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரவுசருக்கு அட்டவணை இல்லாமல் முதல் காட்சியைக்கூடக் காட்ட முடியாது. கோப்பின் நடுவிலிருந்து கேட்டால் துண்டாகக் கொடுக்கத் தெரிந்த சர்வராக இருந்தால், பிரவுசர் வாலுக்குத் தாவி அட்டவணையை எடுத்துக்கொண்டு திரும்பி வரும். அதிலும் கொஞ்சம் தாமதம் உண்டு. அப்படிக் கொடுக்கத் தெரியாத சர்வர் என்றால் முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சஃபாரி பிரவுசரோ அப்படிப்பட்ட சர்வரிலிருந்து வீடியோவை ஓட்டவே மறுக்கும்.

தீர்வு, அட்டவணையைக் கோப்பின் தலைக்கு நகர்த்துவது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் இதற்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்று பெயர். ஹேண்ட்பிரேக்கில் வெப் ஆப்டிமைஸ்டு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டால் ஆயிற்று. படத்தின் தரம் துளியும் மாறாது.

## ஒட்டிய கோடு ஏன் மறைகிறது?

மூன்றாமவரின் கதைக்கு வருவோம். எம்பெட் கோடு என்பது ஐஃப்ரேம் என்ற குறியில் எழுதிய ஒரு வரி: "இந்த இடத்தில், இந்த அகலம் உயரத்தில், இன்ன முகவரியில் உள்ள பக்கத்தைத் திற." வேறொருவரின் பக்கத்தை நம் பக்கத்துக்குள் திறப்பது என்பதால் இதைத் தவறாகவும் பயன்படுத்தலாம், போலி லாகின் படிவம்கூட அதற்குள் வரலாம். அதனால் வேர்ட்பிரஸ் எல்லாரையும் இதை எழுத விடுவதில்லை. அட்மினும் எடிட்டரும் எழுதலாம். ஆத்தர் என்ற நிலையில் உள்ளவர் எழுதினால், சேமிக்கும்போது வடிகட்டி அதை உருவி எறிந்துவிடும். பல தளங்களை ஒன்றாக நடத்தும் மல்டிசைட் அமைப்பில் சூப்பர் அட்மின் தவிர மற்ற அனைவருக்கும் இதே கதிதான்.

இதில் ஒரு குறும்பான விளைவு உண்டு. ஆத்தரின் பதிவில் அட்மின் ஐஃப்ரேமைப் போட்டுக் கொடுக்கிறார். நன்றாக இருக்கிறது. மறுநாள் ஆத்தர் அதே பதிவைத் திறந்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமிக்கிறார். வீடியோ போய்விட்டது! அவர் வீடியோவைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. ஆனால் சேமித்தது அவர், வடிகட்டியதும் அவர் பெயரில்தான்.

ஜூம்லாவிலும் இதே போன்ற வடிகட்டி உண்டு. குளோபல் கான்ஃபிகரேஷனில் டெக்ஸ்ட் ஃபில்டர்ஸ் என்ற பகுதியில் எந்தக் குழுவுக்கு என்ன அனுமதி என்று பார்க்கலாம். அங்கே திறந்து விட்டாலும் எடிட்டர் தன் பங்குக்கு ஐஃப்ரேமை நீக்கக்கூடும். அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கோடை விட்டுவிட்டு வெறும் லிங்கை ஒட்டினால் ஆத்தருக்கும் வீடியோ வருகிறதே, அது எப்படி? அதற்குப் பின்னால் ஓஎம்பெட் என்ற ஏற்பாடு வேலை செய்கிறது. வேர்ட்பிரஸில் 2009 டிசம்பரில் வந்த 2.9 பதிப்பு முதல் இருக்கிறது. நடப்பது இதுதான்:

1. தனி வரியில், வேறு எழுத்து எதுவும் சேராமல் ஒரு லிங்க் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் பார்க்கிறது.
2. அந்த முகவரி, தான் நம்பும் தளங்களின் பட்டியலில் உள்ளதா என்று சரிபார்க்கிறது. யூடியூப், விமியோ எல்லாம் பட்டியலில் உண்டு. கூகுள் டிரைவ் இல்லை.
3. இருந்தால், "இந்த வீடியோவைக் காட்ட என்ன கோடு?" என்று அந்தத் தளத்தையே கேட்கிறது. தலைப்பு, அகலம், உயரம், ஐஃப்ரேம் கோடு எல்லாம் பதிலாக வருகின்றன.
4. அந்தப் பதிலைத் தனியே சேமித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைக் காட்டும்போது லிங்க் இருந்த இடத்தில் செருகுகிறது.

பதிவுக்குள் சேமிக்கப்பட்டிருப்பது லிங்க் மட்டும்தான். வடிகட்டிக்குப் பிடிக்க ஐஃப்ரேமே அங்கே இல்லை. ஆகவே யூடியூபுக்கு எம்பெட் கோடு தேவையே இல்லை, லிங்க் போதும். ஆனால் அந்த லிங்க் வாக்கியத்தின் நடுவே இருந்தாலோ, ஒரு சொல்லின் மேல் இணைப்பாக ஏற்றப்பட்டிருந்தாலோ வெறும் இணைப்பாகவே நிற்கும். வரி பிரித்துப் போட்டால் வந்துவிடும்.

பெட்டி வந்தும் வீடியோ ஓடவில்லை என்றால், இந்த வரிசையில் பார்க்கலாம்:

1. உரிமையாளர் வேறு தளங்களில் ஓட அனுமதித்திருக்கிறாரா? யூடியூப் ஸ்டூடியோவில் எம்பெடிங்கை அனுமதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அது அணைந்திருந்தால் "யூடியூபில் பாருங்கள்" என்று மட்டும் வரும்.
2. 153 என்ற பிழை எண் வருகிறதா? எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வருகிறது என்ற தகவல் யூடியூபுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பாதுகாப்புக்காக நிறுவிய பிளகினோ சர்வர் அமைப்போ ரெஃபரர் தகவலை முழுதாக மறைத்திருக்கும். அதைத் தளர்த்த வேண்டும். வீடியோவில் குற்றம் இல்லை.
3. பழைய பதிவா? கோடு எச்டிடிபி என்று தொடங்கி, தளம் இப்போது எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியிருந்தால் பிரவுசர் அந்தச் சன்னலைத் திறக்க மறுக்கும். ஓர் எழுத்து சேர்த்தால் சரியாகிவிடும்.

## வாடகை வீடு

பதித்தலே சுலபம் என்றால் எல்லாவற்றையும் பதித்துவிடலாமே? செய்யலாம். ஆனால் அது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிப்பது முதல் வீட்டைக் காலி செய்வது வரை உரிமையாளர் சொல்வதுதான். இணையத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது.

வேர்ட்பிரஸ் 5.4 பதிப்பு 2020 மார்ச் 31 அன்று டிக்டாக் வீடியோக்களைப் பதிக்கும் வசதியோடு வந்தது. சரியாக மூன்று மாதம். ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்பட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கைப் பதித்திருந்த பக்கங்கள் இந்தியாவில் வெற்றுப் பெட்டியைக் காட்டத் தொடங்கின. மென்பொருளிலும் பிழை இல்லை, எழுதியவரிடமும் பிழை இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும், பதிவுசெய்த செயலியும் அனுமதிச் சாவியும் இல்லாமல் ஓஎம்பெட் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்தின. வேர்ட்பிரஸ் தன் பட்டியலிலிருந்து இரண்டையும் நீக்கியது. அதுவரை லிங்கை ஒட்டிப் பழகியவர்களுக்கு ஒரு காலையில் வெறும் லிங்க் மட்டும் மிஞ்சியது.

யூடியூபும் விதிவிலக்கு அல்ல. பலர் வீடியோவை அன்லிஸ்டட் (தேடலில் வராது, லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம்) என்ற நிலையில் வைத்து, தங்கள் தளத்தில் மட்டும் தெரியும்படி பதித்திருப்பார்கள். 2017க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை, பாதுகாப்புக் காரணம் சொல்லி, 2021 ஜூலை 23 அன்று யூடியூப் பிரைவேட் ஆக்கியது. வேண்டாம் என்று முன்கூட்டிச் சொன்னவர்களுடையது மட்டும் தப்பியது. அறிவிப்பு மின்னஞ்சலைப் படிக்காத, அல்லது சேனலின் கடவுச்சொல்லோடு வேலையை விட்டுப் போன ஊழியரை நம்பியிருந்த நிறுவனங்களின் பழைய பக்கங்கள் பாழாயின.

சின்ன மாற்றங்களும் உண்டு. வீடியோ முடிந்ததும் அடுத்தவர் வீடியோக்களைக் காட்டாதிருக்க, லிங்கின் கடைசியில் ஒரு குறிப்பைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2018 செப்டம்பருக்குப் பின் அந்தக் குறிப்பைச் சேர்த்தாலும் பரிந்துரை வரத்தான் செய்யும். அதே சேனலின் வீடியோவாக வரும் என்பதுதான் வித்தியாசம். இந்தக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் தேடலில் மேலே வருகின்றன.

சொந்தக் கோப்பை நம்பியவர்களும் இடம் மாறியிருக்கிறார்கள். பிரவுசரில் வீடியோ ஓட்ட முன்பு பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருள் 2020 கடைசியில் ஓய்ந்தபோது, எஃப்எல்வி கோப்பாக வைத்திருந்த பழைய வீடியோக்கள் ஓடாமல் போயின. ஆனால் கோப்பு கையில் இருந்தவர்கள் எம்பி4க்கு மாற்றிக்கொண்டார்கள். வாடகைக்கு இருந்தாலும் அசல் கோப்பை ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். யூடியூபிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்றால், கிடைப்பது அவர்கள் மறுபடி சுருக்கிய நகல்தான்.

## பக்கத்தின் எடை, பார்க்கிறவரின் தடம்

பதித்த வீடியோ உங்கள் சர்வருக்குச் சுமை இல்லை. ஆனால் பார்க்கிறவரின் போனுக்குச் சுமை உண்டு. யாரும் முக்கோணத்தைத் தொடாவிட்டாலும் யூடியூப் பிளேயர் தன் நிரல்களையெல்லாம் இறக்கிக்கொள்ளும். ஒரே பக்கத்தில் 10 வீடியோ வைத்தால் 10 பிளேயர். வேர்ட்பிரஸ் 5.7 முதல், திரைக்குக் கீழே இருக்கும் ஐஃப்ரேம்களை அருகில் வரும்வரை இறக்காமல் தள்ளிப்போடுகிறது; ஓரளவு நிவாரணம். இன்னும் நல்ல வழி, முதலில் ஒரு படத்தையும் முக்கோணத்தையும் மட்டும் காட்டி, தொட்ட பிறகு பிளேயரை வரவழைப்பது. இதைச் செய்யும் பிளகின்கள் பல உண்டு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐஃப்ரேம் திறந்த உடனே பார்க்கிறவரின் தகவல் கூகுளுக்குப் போகத் தொடங்குகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு, அங்கிருந்து வாசகர்கள் வரும் தளங்கள் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தொடும்வரை பிளேயர் வராது என்றால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. குக்கீ வைப்பதைக் குறைக்கும் தனி முகவரியையும் யூடியூப் தருகிறது. எம்பெட் கோடு எடுக்கும் இடத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

முகப்பில் வீடியோ தானாக ஓட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஒலி இல்லாமல் என்றால் ஓடும். குரோம் 2018 ஏப்ரல் முதல் ஒலியோடு தானாக ஓடுவதைத் தடுக்கிறது. ஐபோன் அதற்கு முன்பே கறார்தான். மியூட் செய்து, முழுத்திரைக்குப் போகாமல் அதே இடத்தில் ஓடச் சொல்லும் அமைப்பையும் சேர்த்தால்தான் செல்போனில் ஓடும். 10, 15 வினாடிக்கு மேல் நீளாத, சில எம்பி எடையுள்ள துண்டாக இருக்கட்டும். தானாக ஓடும் வீடியோ, பார்க்க விரும்பாதவரின் டேட்டாவையும் செலவழிக்கிறது என்பதால் இதை ஊக்குவிக்க மனம் வரவில்லை.

## எதற்கு எது?

விழா, பேட்டி, பாடம் என்று நிமிடக் கணக்கில் நீளும் எதையும் பதிப்பதே சரி. பள்ளிக்கும் கோயில் கமிட்டிக்கும் சிறு கடைக்கும் யூடியூப் போதும். விளம்பரமும் பரிந்துரையும் வரக்கூடாது, குறிப்பிட்ட தளத்தில் மட்டும் ஓட வேண்டும் என்றால் விமியோ போன்ற கட்டணச் சேவைகள் இருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறவர்கள் அன்லிஸ்டட் யூடியூபை நம்பக்கூடாது. லிங்க் கைமாறினால் பூட்டு இல்லை.

அரை நிமிடத்துக்குள் அடங்கும், ஒலியில்லாத செய்முறைக் காட்சிகளை நேரே ஏற்றலாம். நன்றாகச் சுருக்கினால் 3, 4 எம்பிக்குள் வந்துவிடும். பிளேயர் நிரல் இல்லை, விளம்பரம் இல்லை, பக்கமும் வேகமாகத் திறக்கும். வேர்ட்பிரஸ் எடிட்டரில் வீடியோவைச் சேர்க்கும் வீடியோ பிளாக்கில் முகப்புப் படம் ஒன்றைச் சேர்த்து, முன்கூட்டி இறக்கும் அமைப்பை அணைத்துவிட்டால், தொட்டவருக்கு மட்டும் இறங்கும்.

## திரையடி எழுத்து

கடைசியாக, பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்று. செவித்திறன் குறைந்தவர்களுக்கும், பேருந்தில் ஒலி வைக்காமல் பார்க்கிறவர்களுக்கும் வசன எழுத்து வேண்டும். இணைய அணுகல் தரமான டபிள்யுசிஏஜியில், முன்பே பதிவுசெய்த வீடியோவுக்கு வசன எழுத்து என்பது அடிப்படை நிலையிலேயே கேட்கப்படும் தேவை.

நேரே ஏற்றிய வீடியோவுக்கு வேர்ட்பிரஸின் வீடியோ பிளாக் விடிடி என்ற வகைக் கோப்பை ஏற்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். முதல் வரியில் WEBVTT என்ற வடிவத்தின் பெயர். பிறகு ஒவ்வொரு வசனத்துக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், கீழே எழுத்து:

00:00:04.000 --> 00:00:07.500
வணக்கம், எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேற்கிறோம்.

தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். பழைய நோட்பேடில் ஆன்சி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர் தந்த வசனம் திரையில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக ஓடும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் போட வேண்டும்.

இரண்டாவது, எடிட்டிங் மென்பொருளிலிருந்து வரும் எஸ்ஆர்டி கோப்பைப் பெயர் மட்டும் மாற்றி ஏற்றுவது. எஸ்ஆர்டியில் வினாடிக்கும் மில்லி வினாடிக்கும் நடுவே கமா இருக்கும்; விடிடியில் புள்ளி இருக்க வேண்டும். முதல் வரியைச் சேர்த்து, நேர வரிகளில் மட்டும் கமாவைப் புள்ளியாக்கினால் வேலை செய்யும். ஏதாவது ஒரு நேரத்தில் கமா மிஞ்சிப்போனால் பிழைச் செய்தி வராது. அந்த ஒரு வசனத்தை மட்டும் பிரவுசர் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.